என் புதிர் ஆட்டத்தில் பயனர் கண்காணிப்பைச் சேர்க்க வேண்டும்: எதைப் பதிவது, எதை விடுவது?

1 | தொடுதிரை

வணக்கம். தனியாளாக எழுதிய கட்டை நகர்த்தும் புதிர் ஆட்டம் ஒன்றை ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் வெளியிட்டு மூன்று வாரம் ஆகிறது. மொத்தம் 60 லெவல்கள். கடைப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை பேர் நிறுவினார்கள், எத்தனை பேர் நீக்கினார்கள் என்று இரண்டு கோடுகள் தெரிகின்றன. முதல் கோடு ஏறுகிறது. இரண்டாவது கோடு அதன் நிழலைப் போலப் பின்னாலேயே ஏறுகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. விமர்சனங்கள் 14 வந்திருக்கின்றன. அவற்றில் ஆறு என் உறவினர்கள் எழுதியவை.

ஆகவே அனலிட்டிக்ஸ் (ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பதியும் வசதி) சேர்க்கலாம் என்று நேற்றிரவு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். 53 நிகழ்வுகள் வந்தன. ஒவ்வொரு பொத்தான் தொடுதல், ஒவ்வொரு கட்டை நகர்வு, ஒலியை அணைத்தது, அமைப்புகள் பக்கத்தைத் திறந்தது, எல்லாமே இருக்கின்றன. ஆட்டம் யூனிட்டி என்ற ஆட்ட உருவாக்கக் கருவியில் எழுதியது. எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம்? இந்தப் பட்டியல் போதுமா, இன்னும் சேர்க்க வேண்டுமா?

2 | நள்ளிரவு நிரலர்

சேர்ப்பதா? பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு 48 வரிகளை அடியுங்கள். மிச்சமிருக்கும் ஐந்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

கருவி எதுவாக இருந்தாலும் பெயரிடுவதில் செய்யும் ஒரு தவறு மட்டும் வேண்டாம். 'லெவல் 1 முடிந்தது', 'லெவல் 2 முடிந்தது' என்று ஒவ்வொரு லெவலுக்கும் தனித்தனி நிகழ்வுப் பெயர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடங்கியது, வென்றது, தோற்றது என்று மூன்று வைத்தாலே உங்கள் 60 லெவல்களுக்கு 180 பெயர்கள். கூகுளின் அனலிட்டிக்ஸ் கருவியான ஃபயர்பேஸில் ஒரு செயலிக்கு 500 வெவ்வேறு நிகழ்வுப் பெயர்கள்தான் வரம்பு. அடுத்த ஆண்டு இன்னொரு 120 லெவல்கள் சேர்க்கும்போது முட்டிக்கொண்டு நிற்பீர்கள். நிகழ்வுப் பெயர் ஒன்றே இருக்கட்டும். லெவல் எண் அதன் அளபுருவாக, அதாவது நிகழ்வோடு சேர்ந்து போகும் கூடுதல் விவரமாகப் போகட்டும். ஒரு நிகழ்வுக்கு 25 அளபுருக்கள் வரை அனுமதி உண்டு. உங்களுக்கு ஐந்தே அதிகம்.

கட்டை நகர்வு ஒவ்வொன்றையும் அனுப்பும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு லெவலுக்கு மொத்தம் எத்தனை நகர்வு என்று செயலிக்குள்ளேயே எண்ணி, லெவல் முடியும்போது ஒரே எண்ணாக அனுப்பினால் போதும்.

3 | வேலிக்காரன்

நான் வழக்கம்போல எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்கிறேன்.

மூன்று வாரமாக ஆட்டம் வெளியில் இருக்கிறது. இதுவரை எத்தனை அந்நியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ஆடுவதைப் பார்த்தீர்கள்? ஐந்து பேரை உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கவனித்தால், எந்த டாஷ்போர்டும் காட்டாததை அது காட்டும். அதற்கு எஸ்டிகே (செயலிக்குள் சேர்க்கும் பிறரது ஆயத்த நிரல் தொகுப்பு) தேவையில்லை, தனியுரிமைக் கொள்கை தேவையில்லை, சர்வர் தேவையில்லை. நாற்காலி போதும்.

அதோடு, அனலிட்டிக்ஸ் எஸ்டிகே ஒன்றைச் சேர்த்தால் அது தனியாக வருவதில்லை. விளம்பர அடையாள எண்ணை (விளம்பரக்காரர்கள் கைப்பேசியை அடையாளம் காணும் எண்) படிக்கும் அனுமதியைச் சத்தமில்லாமல் உங்கள் செயலிக்குள் கொண்டுவந்து வைக்கும் எஸ்டிகேக்கள் இருக்கின்றன. கட்டமைப்பை முடித்தபின் செயலி கேட்கும் அனுமதிகளைப் பட்டியலிடும் ஒன்றுசேர்ந்த மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதாத வரிகள் அதில் இருக்கும்.

4 | எண்ணிப்பார்

வேலிக்காரன் சொல்வதைப் பாதி ஏற்கிறேன். ஐந்து பேரைப் பார்ப்பது நல்லது, செய்யுங்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கும்போது யாரும் ஆட்டத்தை மூடிவிட்டுப் போகமாட்டார்கள். மரியாதைக்காகவாவது ஆடி முடிப்பார்கள். தொடுதிரைக்குத் தெரிய வேண்டியதோ மூடிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி.

பட்டியலை நிகழ்விலிருந்து தொடங்காமல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 'ஒலியை அணைத்தவர்கள் 40 சதவீதம்' என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்யமாட்டீர்கள் என்றால் அதைப் பதிய வேண்டாம். உங்கள் கேள்வி 'எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள்' என்பது. அதற்கு இரண்டு நிகழ்வுகள்: லெவல் தொடக்கம், லெவல் முடிவு. முடிவில் ஒரு அளபுரு, விளைவு. பெரும்பாலோர் அதில் வெற்றி, தோல்வி என்று இரண்டு மட்டும் வைப்பார்கள். மூன்றாவதை மறந்துவிடுவார்கள்: பாதியில் வெளியேறியது. நான்காவது ஒன்றும் உண்டு, அதைச் செயலியால் அனுப்ப முடியாது. தொடங்கியதற்கான பதிவு இருக்கும், அதன்பின் எதுவுமே வராது. அதை நீங்கள்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

5 | கற்றுக்குட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். செயலியை மூடும்போது 'மூடினார்' என்று ஒரு நிகழ்வு அனுப்பினால் அந்த நான்காவது வகையே இருக்காதே? யூனிட்டியில் அதற்கு ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருப்பதாகப் படித்தேன்.

6 | நள்ளிரவு நிரலர்

இருக்கிறது, நம்ப முடியாது. கணினியில் சாளரத்தை மூடுவது போலக் கைப்பேசியில் யாரும் செயலியை முறையாக மூடுவதில்லை. முகப்புத் திரைக்குப் போவார்கள், செயலி பின்னணியில் உறைந்து கிடக்கும், நினைவகம் தேவைப்படும்போது இயங்குதளம் அதைக் கொன்றுவிடும். சாகிறவனிடம் கடைசி வார்த்தை கேட்கும் வழக்கம் இயங்குதளத்துக்குக் கிடையாது. வெளியேறும்போது அழைக்கப்படும் செயற்கூறு அழைக்கப்படாமலே போகும். பின்னணிக்குப் போகும்போது அழைக்கப்படும் 'இடைநிறுத்தம்' செயற்கூறுதான் ஓரளவு கைகொடுக்கும். அதிலும் வலையில் அனுப்ப முயலாதீர்கள், நேரம் போதாது. கோப்பில் எழுதுங்கள். அடுத்த முறை செயலி திறக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம்.

இதையே பொதுவழியாக வைத்துக்கொண்டால் இணையமில்லாமல் ஆடுகிறவர்களும் விடுபடமாட்டார்கள். ஒவ்வொரு நிகழ்வும் முதலில் கைப்பேசியிலுள்ள வரிசையில் சேரும். பிறகு மொத்தமாகச் சர்வருக்குப் போகும். சர்வர் 'வந்துவிட்டது' என்று சொன்னபின்தான் வரிசையிலிருந்து நீக்க வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் அதே நிகழ்வு இரண்டாம் முறையும் போகும். ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் பிறக்கும்போதே ஒரு தனி எண் கொடுங்கள். சர்வரில் அதே எண் மறுபடி வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

நேரம் இன்னொரு தலைவலி. கைப்பேசிக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து இலவச உயிர்களைப் பெறும் ஆட்டக்காரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய நிகழ்வுகள் அடுத்த ஆண்டிலிருந்து வரும். நிகழ்வு நடந்த நேரம், கைப்பேசி அனுப்பிய நேரம், சர்வருக்கு வந்த நேரம் மூன்றையும் வைத்துக்கொண்டால், பின்னவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு முதலாவதைத் திருத்தலாம்.

7 | மூன்றாம்கை

நிரலர்கள் பேசும் இடத்தில் வெறும் ஆட்டக்காரி நான். தொடுதிரையின் ஆட்டத்தையும் நிறுவியிருக்கிறேன் (உறவினர் இல்லை, பயப்பட வேண்டாம்).

எனக்கு ஒரே கேள்வி. 'வேண்டாம்' என்று நான் சொன்னால் ஆட்டம் அப்படியே ஓடுமா? வேண்டாம் என்றதும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும் ஆட்டங்களை நான் உடனே நீக்கிவிடுவேன். என்னைப் போன்றவர்கள் 'நீக்கியவர்கள்' கோட்டில் ஏறியதற்கு உங்கள் லெவல்கள் காரணமாக இருக்காது, உங்கள் கேள்வியே காரணமாக இருக்கும். அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

8 | வேலிக்காரன்

நல்ல கேள்வி. இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து, பயனரைப் பின்தொடர வேண்டுமானால் ஆப்பிளின் அனுமதிப் பெட்டியைக் காட்ட வேண்டும். மறுத்தவர்களின் விளம்பர அடையாள எண்ணைக் கேட்டால் வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். ஆனால் ஆப்பிள் 'பின்தொடர்தல்' என்று எதைச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் செயலியில் திரட்டிய தரவை மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் திரட்டிய தரவோடு விளம்பரத்துக்காக இணைப்பதும், தரவு வணிகர்களிடம் கொடுப்பதும்தான் அது. உங்கள் ஆட்டத்துக்குள் நான்காம் லெவலை எத்தனை பேர் முடித்தார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்வது அந்த வரையறைக்குள் வராது. அதற்கு அந்தப் பெட்டி தேவையில்லை. ஆனால் கடைப் பக்கத்திலுள்ள தனியுரிமை விவரத்தில் எழுதியே ஆக வேண்டும். கூகுள் பிளேயிலும் 'தரவுப் பாதுகாப்பு' பகுதி இருக்கிறது, அதையும் நிரப்ப வேண்டும். மூன்றாம் நபர் எஸ்டிகே திரட்டுவதும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இவை கடைக்காரர்களின் விதிகள். சட்டம் வேறு. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியின்படி, கைப்பேசியோடு ஒட்டிய எண்ணும் தனிநபர் தரவாகக் கருதப்படலாம். பெயர் கேட்கவில்லையே என்று தப்ப முடியாது. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழானவர்களுக்கான சட்டம் 1998-இலேயே வந்தது. 2013-இல் திருத்திய விதிகள், நிலையான அடையாள எண்ணையும் தனிநபர் தகவலாக்கின. ஃபோர்ட்நைட் ஆட்டத்தின் எபிக் கேம்ஸ், அந்தச் சட்டத்தை மீறியதாக எழுந்த வழக்கில் 27.5 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களையே குழந்தைகள் என்கிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கு அதில் தடை இருக்கிறது. கட்டை நகர்த்தும் புதிரைக் குழந்தைகள் ஆடமாட்டார்கள் என்று நீங்கள் வாதிடப் போவதில்லை என்று நம்புகிறேன்.

என் யோசனை: முதல் திறப்பில் ஒரே ஒரு முறை, சாதாரணச் சொற்களில், ஒரே அளவுள்ள இரண்டு பொத்தான்களோடு கேளுங்கள். பதில் வரும்வரை எதையும் அனுப்பாதீர்கள். 'வேண்டாம்' என்றால் அதோடு நிறுத்துங்கள். பெற்றோர் அனுமதி பெறும் வசதி உங்களிடம் இல்லையென்றால், குழந்தைகள் என்று தெரிந்தவர்களிடம் கேட்கவும் வேண்டாம், பதியவும் வேண்டாம். விளம்பர எண்ணைத் தொடவே தொடாதீர்கள். மூன்றாம்கை கேட்டதற்கும் இதுதான் பதில்.

9 | தொடுதிரை

எல்லாருக்கும் நன்றி. 53 இப்போது 7 ஆகிவிட்டது. விளம்பர எண் இல்லை. நிறுவும்போது தற்செயலாக உருவாக்கும் ஓர் எண் மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே தயக்கம்: ஆயத்தக் கருவியா, சொந்தச் சர்வரா?

10 | நள்ளிரவு நிரலர்

இரண்டில் எதுவானாலும் ஆட்டத்தின் நிரலுக்குள் அந்தக் கருவியின் பெயர் பத்து இடங்களில் இருக்கக் கூடாது. 'பதிவு செய்' என்று உங்களுடைய செயற்கூறு ஒன்று. அதற்குள்ளே மட்டும் கருவி. நாளை மாற்ற வேண்டுமென்றால் ஒரு கோப்பைத் திருத்தினால் முடிந்தது.

ஆயத்த எஸ்டிகேயால் வரும் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020-இல் மே மாதம் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை, ஐஓஎஸ் செயலிகள் பல திறந்தவுடனே விழுந்தன. ஸ்பாட்டிஃபை, டிண்டர் போன்ற பெரிய செயலிகளும் தப்பவில்லை. அந்தச் செயலிகளை எழுதியவர்கள் அன்று ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அவற்றுக்குள் இருந்த ஃபேஸ்புக் எஸ்டிகே, சர்வர் பக்கம் நடந்த மாற்றத்தால் தடுமாறி, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

சொந்தச் சர்வரைப் பற்றிப் பயமிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிகழ்வு 200 பைட் என்று வையுங்கள். நாளுக்கு 2,000 பேர், ஆளுக்கு 40 நிகழ்வுகள் என்றாலும் 80,000 நிகழ்வுகள், 16 எம்பி. ஒரு பழைய சர்வரின் ஓரத்தில் கிடக்கும் சிறிய தரவுத்தளமே இதைத் தாங்கும். தொல்லை கொள்ளளவில் இல்லை. இரவு இரண்டு மணிக்கு அது நின்றுபோனால் எழுந்து பார்க்க ஆள் யார் என்பதுதான் கேள்வி. என் பெயரைப் பார்த்து என்னைக் கூப்பிட வேண்டாம்.

11 | கற்றுக்குட்டி

ஒரு சந்தேகம். நான் ஃபயர்பேஸ் சேர்த்துப் பார்த்தேன். நிகழ்வு அனுப்பினேன், டாஷ்போர்டில் எதுவும் தெரியவில்லை. நான்கு முறை நிரலை மாற்றி எழுதிவிட்டேன்.

12 | நள்ளிரவு நிரலர்

நிரல் முதலிலேயே சரியாக இருந்திருக்கும். பேட்டரியைக் காப்பாற்ற நிகழ்வுகளைச் சேர்த்து வைத்து ஏறக்குறைய மணிக்கு ஒரு முறைதான் அது அனுப்புகிறது. சோதிக்கும்போது பிழைதிருத்தப் பார்வையை இயக்கினால் உடனுக்குடன் தெரியும்.

13 | தொடுதிரை (நான்கு வாரம் கழித்து)

சொந்தச் சர்வர்தான் எழுதினேன். அனுமதி கேட்கும் பக்கத்தையும் வைத்தேன். கீழே உள்ளவை 'சரி' என்றவர்களின் எண்கள் மட்டும். புதிதாக நிறுவியவர்கள் 1,140 பேர். 4-ஆம் லெவலைத் தொடங்கியவர்கள் 640 பேர். முதல் முயற்சியில் அவர்களுக்கு நடந்தது:

வென்றவர்கள் 371
தோற்றவர்கள் 38
வெளியேறியவர்கள் 174
தடயமே இல்லாதவர்கள் 57

மற்ற லெவல்களில் வெளியேறியவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆக 4-ஆம் லெவல் கடினம் என்பது தெளிவாகிவிட்டது. ஒரு கட்டையை நீக்கி எளிதாக்கி, இந்த வார இறுதியில் புதிய பதிப்பை வெளியிடப் போகிறேன்.

இரண்டு விசித்திரங்களும் இருக்கின்றன. ஒன்று, 31 அடையாள எண்கள் தலா இரண்டு கைப்பேசி மாடல்களிலிருந்து நிகழ்வுகளை அனுப்பியிருக்கின்றன. தற்செயல் எண் இப்படி மோதுமா? இரண்டு, புதிய பதிப்பை ஏற்றிய சிறிது நேரத்தில் ஒரு கூட்டம் வந்து, சில நிமிடங்கள் திரையை எல்லாப் பக்கமும் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது. எனக்கு இரகசிய ரசிகர் மன்றம் இருக்கிறதா?

14 | எண்ணிப்பார்

புதிய பதிப்பை ஏற்றாதீர்கள். கையை எடுங்கள்.

உங்கள் எண்களே உங்களை மறுக்கின்றன. கடினமான லெவலில் ஆட்கள் தோற்பார்கள். மறுபடி முயல்வார்கள், மறுபடி தோற்பார்கள், அதன்பின் சலித்துப் போவார்கள். இங்கே தோற்றவர்கள் வெறும் 38 பேர். 174 பேர் தோற்பதற்கு முன்பே போய்விட்டார்கள். புதிரைப் படித்துப் பார்த்து 'இது என்னால் ஆகாது' என்று முடிவெடுக்கவும் கொஞ்ச நேரம் வேண்டும். தொடங்கி எத்தனை நொடியில் வெளியேறினார்கள்? சராசரியைப் பார்க்காதீர்கள். ஒருவர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினால் அவருடைய ஆறு மணி நேரம் சராசரியைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். பிறகு இயங்குதளப் பதிப்பு வாரியாகப் பிரியுங்கள்.

அடையாள எண் மோதவில்லை. எண்ணை பிளேயர்பிரெஃப்ஸில், அதாவது சிறு விவரங்களைக் கைப்பேசியில் சேமிக்கும் யூனிட்டியின் வசதியில் வைத்தீர்களா? ஆண்ட்ராய்டில் அது செயலியின் விருப்பக் கோப்பில் உட்காரும். ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கும் தானியங்கிக் காப்புநகல், அந்தக் கோப்பையும் பயனரின் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளும். அவர் புதிய கைப்பேசி வாங்கினால் ஆட்டத்தோடு உங்கள் 'தற்செயல்' எண்ணும் கூடவே குடிபெயரும். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் பழைய எண்ணே உயிர்த்தெழலாம். அப்போது புதியவர் பழையவராகத் தெரிவார், 30-ஆம் நாள் திரும்பி வருவோர் கணக்கு வீங்கும். காப்புநகலில் சேராத கோப்புறையில் எண்ணை வையுங்கள். ஐஓஎஸ்ஸில் கீசெயின் என்ற கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்திருந்தால் அங்கும் இதே கதைதான், செயலியை நீக்கினாலும் அது அழியாது.

ரசிகர் மன்றத்தைப் பற்றி வருத்தமான செய்தி: அவர்கள் மனிதர்கள் இல்லை என்றே தோன்றுகிறது. சோதனைத் தடத்தில் பதிப்பை ஏற்றினால், கூகுள் பிளே வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக்காகச் சில கைப்பேசிகளில் ரோபோவை விட்டுத் தட்டிப் பார்க்கும். அந்தச் சோதனை நடப்பது ஃபயர்பேஸ் சோதனைக்கூடத்தில். அங்கே ஓடுகிறோமா என்று செயலி அறிந்துகொள்ள ஓர் அமைப்பு மாறி இருக்கிறது. அது 'உண்மை' என்றால் எதையும் பதியாதீர்கள்.

15 | வேலிக்காரன்

அனுமதிப் பக்கத்தில் 'சரி' பொத்தானையும் அந்த ரோபோவே அழுத்தியிருக்கும். சட்டப்படி அதற்கு என்ன வயது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

16 | தொடுதிரை

எண் பிளேயர்பிரெஃப்ஸில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

வெளியேறிய 174 பேரின் நடு எண் 4 நொடி. நான்கே நொடி! அதைவிட விசித்திரம், அவர்களில் பலர் உடனே அதே லெவலைத் திறந்து, மறுபடி மூன்று நான்கு நொடியில் வெளியேறியிருக்கிறார்கள். சிலர் மூன்று முறை.

பிரித்துப் பார்த்தது:

ஐஓஎஸ்: தொடங்கியவர்கள் 210, வெளியேறியவர்கள் 9
ஆண்ட்ராய்டு 9-உம் அதற்கு முந்தையவையும்: 96, வெளியேறியவர்கள் 5
ஆண்ட்ராய்டு 10-உம் அதற்குப் பிந்தையவையும்: 334, வெளியேறியவர்கள் 160

என் நிரலில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்த்து நடக்கும் வரி ஒன்றுகூட இல்லை. என் கைப்பேசி ஆண்ட்ராய்டு 13. அதில் 4-ஆம் லெவலை நூறு முறையாவது ஆடியிருப்பேன், ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை.

17 | மூன்றாம்கை

இது எனக்கும் நடந்தது! ஆட்டம் விழுந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன். அந்த லெவலில் சிவப்புக் கட்டை இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் லெவல் பட்டியலுக்குப் போய்விடும். மறுபடி வந்து இழுத்தேன், மறுபடியும் போய்விட்டது. என் கைப்பேசியில் கீழே பொத்தான்கள் இல்லை, ஓரத்திலிருந்து உள்ளே தேய்த்தால் 'பின்செல்' ஆகும் அமைப்பு.

18 | நள்ளிரவு நிரலர்

வந்துவிட்டது விடை. சைகை வழிசெலுத்தல் ஆண்ட்ராய்டு 10-இல் வந்தது. திரையின் இடது, வலது ஓரங்களிலிருந்து உள்ளே தேய்த்தால் 'பின்செல்' என்று இயங்குதளம் எடுத்துக்கொள்ளும். முதல் மூன்று லெவல்களில் ஓரத்துக் கட்டைகள் மேலும் கீழும் மட்டும் நகர்ந்திருக்கும், அதனால் தெரியவில்லை. 4-இல்தான் முதல் முறையாக ஓரத்திலிருந்து குறுக்கே இழுக்க வேண்டியிருக்கிறது. தொடுதிரை, உங்கள் கைப்பேசியில் பழைய மூன்று பொத்தான்களைத்தானே வைத்திருக்கிறீர்கள்?

19 | தொடுதிரை

ஆமாம். பழக்கதோஷம்.

இன்னும் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்கிறேன். வேலிக்காரன் சொன்னதைக் கேட்டு இடைப்பட்ட நாட்களில் ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தேன். ஐந்து பேரும் 4-ஆம் லெவலை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்கள். ஐந்து பேருக்கும் என் கைப்பேசியைத்தான் கொடுத்தேன்.

20 | வேலிக்காரன்

அவரவர் கைப்பேசியில் ஆடச் சொல்லியிருந்தால் முதல் ஆளிலேயே தெரிந்திருக்கும் என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன். உங்கள் டாஷ்போர்டும் 'எங்கே' என்றுதான் சொன்னது. 'ஏன்' என்பதைச் சொன்னது மூன்றாம்கை.

21 | எண்ணிப்பார்

மறுக்கவில்லை. ஆனால் 'எங்கே' என்று தெரியாமல் இருந்திருந்தால் மூன்றாம்கை இதைச் சொல்லியிருக்கவேமாட்டார். நான்கு வாரமாக இங்கேதான் இருக்கிறார்.

22 | மூன்றாம்கை

யாரும் கேட்கவில்லையே!

23 | நள்ளிரவு நிரலர்

திருத்தத்துக்கு வருவோம். திரையின் குறிப்பிட்ட பகுதியில் பின்செல் சைகை வேண்டாம் என்று இயங்குதளத்திடம் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் ஓர் ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரம் வரைதான் மதிக்கும், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காது. உங்கள் ஆட்டப் பலகை அதைவிட உயரம். ஆகவே பலகையை இரண்டு பக்கமும் சற்று உள்ளே தள்ளுங்கள். 'பின்செல்' வந்தவுடன் லெவலைக் கலைத்துவிட்டுப் போகாமல் 'வெளியேறலாமா?' என்று ஒரு பெட்டி காட்டுங்கள். வெளியேறிய வழி பின்செல்லா, ஆட்டத்தின் சொந்தப் பொத்தானா என்பதையும் ஓர் அளபுருவாகச் சேருங்கள். முதலிலேயே சேர்க்கச் சொல்லாதது என் தவறு.

24 | தொடுதிரை (இரண்டு வாரம் கழித்து)

பலகையை உள்ளே தள்ளிய பதிப்பு வெளியாகி 11 நாள். ஆண்ட்ராய்டு 10-உம் அதற்குப் பிந்தையவையும் மட்டும்: 4-ஆம் லெவலைத் தொடங்கியவர்கள் 228. வென்றவர்கள் 171, தோற்றவர்கள் 30, வெளியேறியவர்கள் 14, தடயமில்லாதவர்கள் 13.

மறுநாள் திரும்பி வருகிறவர்கள் 22 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகிவிட்டார்கள்! புதிதாக நிறுவியவர்கள் 390 பேரை வைத்துப் போட்ட கணக்கு. ஆட்டத்தின் கடைப் பக்கத்தில் புதிய படங்கள் போடப் போகிறேன்.

25 | எண்ணிப்பார்

முதல் பத்திக்கு வாழ்த்துகள். 160/334 என்பது 14/228 ஆனதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது பத்தியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். 390 பேரில் 26 சதவீதம் என்றால் பிழை எல்லை மேலும் கீழும் 4 புள்ளிக்குக் கொஞ்சம் அதிகம். முந்தைய 1,140 பேரின் 22 சதவீதத்துக்கு இரண்டரைப் புள்ளி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதைவிட முக்கியமானது, இந்தப் பதிப்பில் ரோபோக்களை வெளியேற்றினீர்கள், அடையாள எண்ணையும் மாற்றினீர்கள். ரோபோ மறுநாள் வராது, அதை நீக்கினாலே சதவீதம் ஏறும். பழைய எண்ணிலிருந்தும் ரோபோக்களைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். மனம் தாங்கும் என்றால்.

26 | தொடுதிரை

கழித்தேன். 22 என்பது 24 ஆனது. மனம் தாங்கவில்லை, இருந்தாலும் நன்றி.

7 நிகழ்வுகளில் மூன்றை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. நீக்கிவிட்டேன். 90 நாளுக்கு மேற்பட்ட தனிப்பதிவுகளை அழித்துவிட்டு, லெவல் வாரியான மொத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்படி சர்வரையும் மாற்றியாயிற்று.

27 | மூன்றாம்கை

சிவப்புக் கட்டை இப்போது ஒழுங்காக வருகிறது. ஆனால் 23-ஆம் லெவலில் மூன்று நாளாக நிற்கிறேன். இந்த முறை என் விரலின் தவறா, உங்கள் புதிரின் தவறா?

28 | தொடுதிரை

தரவில் ஐந்து பேர் அங்கே நிற்கிறார்கள். நீங்கள் அனுமதி மறுத்தவர், ஆகவே ஆறாவது ஆள். மஞ்சள் கட்டையை முதலில் கீழே இறக்கிப் பாருங்கள்.